நூற்று நாற்பத்தெட்டு மைல், ஒரு மணி ஐந்து நிமிடம்

கிண்ணியாவில் அபூதாஹிர் முதலாளியைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் போன கிழமை பிறந்தவராக இருக்க வேண்டும். கொழும்புக்குக் கருவாடு அனுப்பிப் பெரிய ஆளானவர். ஆனால் 'கருவாட்டு முதலாளி' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்கு முழுதும் காது கேட்காது. 'பிளேன் முதலாளி' என்றால் மட்டும் கேட்கும். கதிரை வரும், தேத்தண்ணி வரும், தேத்தண்ணியோடு கதையும் வரும்.

ஊருக்குக் கிட்டவிருந்த சீனக்குடாவுக்கும் கொழும்புக்குக் கிட்டவிருந்த இரத்மலானைக்கும் இடையே டகோட்டா விமானம் கிழமைக்கு மூன்று தரம் பறந்த காலம் அது. கிண்ணியாவிலிருந்து அதில் முதலில் ஏறியவர் முதலாளி. ஏறி இறங்கிய நாளிலிருந்து அவருக்குக் கொழும்பு பக்கத்து வளவாகிவிட்டது.

"கொழும்பு எங்க இருக்கு? இந்தா. ஒரு மணி அஞ்சு நிமிசம். நீங்க சந்தைக்குப் போய் மீன் வாங்கி வாறதுக்குள்ள நான் புறக்கோட்டையில நிப்பன்."

இந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தின் உள்வீட்டுக் கணக்கு அவருடைய ஒரே மகள் ஸுல்பிகாவுக்குத் தெரியும். காலை ஆறரைக்குக் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக வாப்பா வீட்டைவிட்டு இறங்குவார். வீட்டுக்கு முன்னாலேயே துறை. அங்கே வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலேரியைக் கடக்கும் பெரிய மிதவைக்கு ஊரில் 'பாதை' என்று பெயர். அது நிறையும்வரை நகராது. கடந்தால் பஸ். பஸ்ஸை விட்டால் விமான நிலையத்துத் தராசு. அங்கே பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுப்பார்கள். பிறகு வெயிலில் காத்திருப்பு. பத்து ஐந்துக்கு விமானம் என்றால் பத்தரைக்குக் கிளம்பும். இரத்மலானையில் இறங்கிக் கொழும்புக் கடைவீதியான புறக்கோட்டைக்குப் போக இன்னொரு பஸ். ஒருநாள் ஸுல்பிகா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வாப்பா, வீட்டுப் படியில இருந்து கடைப் படிக்கு அஞ்சு மணி நாப்பது நிமிசம் வருது."

"அதெப்பிடி?"

"பாதையில நிண்ட நேரம், தராசில நிண்ட நேரம், வெயில்ல நிண்ட நேரம்."

"நிண்ட நேரம் பயணமில்ல மகள்," என்றார் முதலாளி. "நிக்கிறது நிக்கிறதுதான். ஓடுற நேரந்தான் பயணம்."

வாப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், கடிதம் எழுத வராது. எழுதுவதெல்லாம் மகள்தான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய மகள். ஒரு மனிதனின் கடிதங்களை ஏழு வருடம் எழுதினவளுக்கு அவனோடு வாதாடிப் பயனில்லை என்பதும், எழுத்தில் மாட்டினால் அவன் தப்ப ஏலாது என்பதும் நன்றாகத் தெரியும்.

வரவேற்பறைச் சுவரில் மூன்று சாமான்கள் தொங்கின. முதலாவது, சீனக்குடா விமான நிலையத்துக் கிளார்க் பாக்கியரத்தினம் தட்டச்சில் அடித்துக் கொடுத்த ஒரு துண்டு: 'சீனக்குடா – இரத்மலானை. தூரம் 148 மைல். பயண நேரம் 1 மணி 5 நிமிடம்.' முதலாளி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். பாக்கியரத்தினம் யாரையும் மனம் நோகப் பேசாத மனிதர். ஒருதரம் மட்டும், தராசில் ஏறி நின்ற முதலாளியைச் சுற்றி மெல்ல மூக்கை உறிஞ்சிவிட்டு, "முதலாளி, உங்களோட ஒரு பாரைக் கருவாடும் டிக்கற் இல்லாம வருது போல," என்று சொல்லியிருக்கிறார். கோட்டுப் பையில் இருந்தது வியாபார மாதிரி. அன்றிலிருந்து அவர் அத்தர் பூசிக்கொண்டு பறந்தார். கருவாடும் அத்தர் பூசிக்கொண்டு பறந்தது.

இரண்டாவது சாமான், சுவர்க் கடிகாரம். விமானம் வந்திறங்கும் நேரம் ஒன்பது முப்பத்தைந்து. ஆகவே சத்தம் கேட்டவுடன் முதலாளி கதிரையில் ஏறி முள்ளை ஒன்பது முப்பத்தைந்தில் வைப்பார். விமானம் இருபது நிமிடம் பிந்தி வந்தால் கிண்ணியாவில் நேரமும் இருபது நிமிடம் பிந்தும்.

மூன்றாவதும் ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குள் இருந்தது பத்வா. ஊரின் மார்க்க நீதிபதியான காதியார் கையெழுத்திட்ட தீர்ப்பு.

அது வந்த கதை இது. போன வருடம் நோன்பு மாதத்தில் முதலாளி கொழும்பிலே இரண்டு நாள் தங்கினார். இரண்டு நாளும் நடுப்பகலில் புறக்கோட்டைக் கடையொன்றில் புரியாணி சாப்பிட்டார். ஜவாஹிர் என்ற ஊர்க்காரன் அதை வாசலில் நின்று பார்த்துவிட்டு அன்றிரவே ரயிலேறினான். மறுநாள் காலை முதலாளி விமானத்தில் வந்து பாதையில் ஏறினபோது, பாதைக்காரன் கதிராமன் மரியாதையாகக் கேட்டான்: "முதலாளி, புரியாணி கோழியா, ஆடா?" ரயில் விமானத்தை வென்றது அந்த ஒரு நாள்தான்.

ஊர் இரண்டு பட்டது. நெடும்பயணம் போகிற முசாபிருக்கு நோன்பை விடச் சலுகை உண்டு. விட்டதை மறுகா, நோன்பு மாதம் முடிந்த பிறகு, பிடித்தால் போதும். ஆனால் அது ஒட்டகத்தில் காய்ந்துபோகிறவனுக்குத் தந்த சலுகையல்லவா, ஒரு மணித்தியாலம் மெத்தைக் கதிரையில் இருந்து டொபி சூப்பிக்கொண்டு போனவர் எப்படி முசாபிர் என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். முதலாளிக்கு வியர்த்தது. அதுவரை ஒரு மணி ஐந்து நிமிடம் என்று சொன்ன வாய், அன்றைக்குத்தான் முதன்முதலாக நூற்று நாற்பத்தெட்டு மைல் என்றது.

"நூத்தி நாப்பத்தெட்டு மைல். விளையாட்டா? மலையெல்லாம் தாண்டி."

ஹிஸ்புல்லா காதியார் அவசரப்படாத மனிதர். சால்வையைத் தட்டிப்போடவே கால் மணித்தியாலம் எடுப்பவர். மார்க்கச் சட்டக் கித்தாபுகளை மூன்று நாள் புரட்டித் தீர்ப்புச் சொன்னார்; ஸுல்பிகா அதைச் சுத்தமாகப் பிரதியெடுத்துக் கொடுத்தாள்; அவர் கையெழுத்து வைத்தார். 'இரண்டு மர்ஹலா, அதாவது ஏறக்குறைய ஐம்பது மைல், அதைத் தாண்டியவர் தூரத்தில் உள்ளவரே. எவ்வளவு விரைவாகப் போனார், எவ்வளவு விரைவாகத் திரும்பலாம் என்பது கணக்கில்லை. தூரமே கணக்கு. சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்கு விமானத்தில் போகிற அபூதாஹிர் முதலாளிக்கும் இதுவே சட்டம்.'

தன் பெயர் வந்த சட்டம். முதலாளி அதை விமானத் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் வாசிக்கச் சொன்னார். வாசிக்கிறவள் ஸுல்பிகா. எத்தனை தரம் வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இனி ஸுல்பிகாவின் கலியாணம். இறந்துபோன உம்மாவின் காக்கா மகன், அதாவது தாய்மாமன் மகன், ஸுஹைருக்கு அவளைப் பேசி மூன்று வருடம். இரண்டு பேருக்கும் விருப்பம். முதலாளிக்கும் விருப்பந்தான். ஆனால் அமைச்சர் வராத கலியாணம் உப்பில்லாத கஞ்சி என்பது அவர் எண்ணம். முதல்முறை நாள் வைத்தபோது அமைச்சருக்குத் தேர்தல். இரண்டாம்முறை காய்ச்சல். மூன்றாம்முறை அமைச்சரின் செயலாளர் 'கவனிக்கப்படும்' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லை நம்பிப் போட்ட பந்தலைக் கறையான் தின்றது.

இந்த நேரத்தில் ஸுஹைருக்கு மாலைதீவில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். மனைவியோடு வந்தால் வீடு தருவார்கள். அவளும் படித்தவளென்றால் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேலையும் தருவார்கள். கப்பல் வருகிற திங்கட்கிழமை. அதற்குள் காவின் என்கிற கலியாண ஒப்பந்தத்தை எழுதினால் ஸுல்பிகா போகலாம். இல்லையென்றால் அவன் தனியே போவான்; அவள் இன்னும் இரண்டு வருடம் சுவருக்கு முன்னால் நின்று பத்வா வாசிப்பாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் வாப்பாவிடம் கேட்டாள்.

"வாப்பா, சும்மா காவினை முடிப்பம். பெரிய விருந்தை மறுகா வையுங்கோ."

"அமைச்சருக்கு என்ன சொல்றது?"

"அவர் கேக்கவே இல்லையே."

"நாளைக்குப் பறக்கிறன். நேரில காணுறன். வெள்ளிக்கிழமை காலைப் பிளேன்ல வந்து திகதி சொல்றன். சரிவராட்டி என்ன? ரெண்டு வருசந்தானே. அதுக்குள்ள ஜெட் வந்திடும்."

ஜெட்டுக்கும் தன் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை அவர் போனார். அன்று மத்தியானம் வழக்கம்போலத் தந்தி வந்தது. இறங்குகிற இடமெல்லாம் தந்தியடிப்பது முதலாளியின் பழக்கம். அது தபாற்கந்தோரில் இருப்பவர்கள் வாசிப்பதற்காக. 'கொழும்பு சேர்ந்தேன். 148 மைல். ஒரு மணி ஐந்து நிமிடம். வெள்ளி திரும்புவேன். அபூதாஹிர்.'

ஸுல்பிகா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எத்தனையோ தரம் வாய்விட்டு வாசித்த எழுத்து, அன்றைக்குத்தான் அவளுக்குள் இறங்கியது. 'அதைத் தாண்டியவர் தூரத்தில் உள்ளவரே.'

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மாமியைக் கூப்பிட்டாள். மாமியின் பெயர் சித்தி பரீதா; முதலாளியின் மூத்த சகோதரி. அவர் பயப்படுகிற ஒரே ஆள்.

"மாமி, குடையை எடுங்கோ. காதியார் வீட்டுக்குப் போகவேணும்."

காதியார் இருவரையும் இருத்தி, சால்வையைத் தட்டிப் போட்டார். ஸுல்பிகா நேராகக் கேட்டாள்.

"பொண்ணைக் காவின் செய்து குடுக்கிற உரிமை வாப்பாவுக்கு. அவர்தான் வொலி. வொலி தூர இடத்தில இருந்தால்?"

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மர்ஹலாவுக்கு மேல."

"அப்பிடியெண்டா நம்மட மத்ஹபுச் சட்டத்தில அந்த உரிமை காதிக்கு வரும்," என்றார் அவர், பாடம் ஒப்புவிப்பவர்போல. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று விளங்கியது. "புள்ள, உங்கட வாப்பா மறுக்கல்லையே."

"மறுக்கல்ல. மூணு வருசமா வரவும் இல்ல. இப்ப ஆளே இங்க இல்ல."

"அவருக்கென்ன, ஒரு மணித்தியாலத்தில வந்திடுவாரே."

ஸுல்பிகா சட்டத்தைக் கழற்றிக்கொண்டே வந்திருந்தாள். அதைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தந்தியை வைத்தாள்.

"எவ்வளவு விரைவாகத் திரும்பலாம் என்பது கணக்கில்லை. நீங்க சொன்னது, நான் எழுதினது. கீழ உங்கட கையெழுத்து."

காதியார் தன் கையெழுத்தைக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அது மாறவில்லை.

"ஹாஜியார்," என்றார் மாமி, "நீங்க இதைக் கூடாதெண்டு சொன்னா, என்ட தம்பி திண்ட புரியாணி வெளியில வரும். கூடுமெண்டா என்ட மருமகள் வெளியில போவாள். எது நல்லம்?"

காதியார் அன்று மூன்று நாள் கேட்கவில்லை. கித்தாபை ஒருதரம் மட்டும் திறந்து மூடினார்.

"மாப்பிள்ளை நேரில வரவேணும். ரெண்டு சாட்சி வேணும். சொல்லி முடிக்கிற அந்த நேரம் வொலி ஐம்பது மைலுக்கு அங்கால நிக்கவேணும். அதில ஒரு அடி குறைஞ்சாலும் நான் வாய் திறக்கமாட்டன்."

ஸுஹைர் கொழும்புக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான். தந்தியில் காவின் என்று எழுதினால் தபாற்கந்தோர் அதை முதலாளிக்கு முன்னால் கிண்ணியாவுக்கு வாசித்துவிடும். 'மாமிக்குச் சுகமில்லை. வெள்ளி காலை வரவும்' என்று அடித்தார்கள். பொய் சொன்ன பாவம் வேண்டாமென்று மாமி வீட்டுக்கு வந்தவுடன் ஒரு மணித்தியாலம் பாயில் படுத்து முனகினார். பிறகு எழும்பி நெய்ச்சோற்றுக்கு அரிசி அளந்தார்.

தந்தி ஸுஹைருக்குக் கிடைக்க வியாழனாகும்; அவன் ஏறுகிற இரவு மெயில் ரயில் வெள்ளி காலையில்தான் சீனக்குடா ஸ்டேசனுக்கு வரும். வாப்பாவின் விமானமும் வெள்ளி காலையில்தான் வரும். ஸுல்பிகா ஒரு பழைய கடித உறையைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நூற்று நாற்பத்தெட்டு மைலுக்கு அறுபத்தைந்து நிமிடம். நூற்று நாற்பத்தெட்டில் ஐம்பது போனால் தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு மைலுக்கு நாற்பத்துமூன்று நிமிடம். விமானம் எட்டரைக்குக் கிளம்பினால், ஒன்பது பதின்மூன்றுக்கு வாப்பா ஐம்பது மைல் வட்டத்துக்குள் வந்துவிடுவார். அதற்குப் பிறகு அவர்தான் வொலி, வானத்தில் இருந்தாலும்.

"எட்டரைக்கு அது எப்பவாவது கிளம்பினதா?" என்று மாமி கேட்டார். "அது கிளம்ப எட்டு அம்பதாகும்."

"எட்டரை எண்டே வைப்பம், மாமி."

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஏழு மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வரவில்லை. ரயில் பிந்தியிருந்தது. காதியார் வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் எட்டாகல்ல," என்று ஆறுதலாகச் சாய்ந்தார்.

"அதைப் பாக்காதீங்கோ," என்றாள் ஸுல்பிகா உள்ளேயிருந்து. "அது வாப்பாட நேரம். றேடியோவில எட்டு இருபது."

அக்கரையில், மாப்பிள்ளை ஏறி நின்ற பாதை ஒரு லொறிக்காகக் காத்து நின்றது. கதிராமனின் சட்டம் கதிராமனுக்கு: நிறையாமல் விடமாட்டான், மாப்பிள்ளை என்றாலும் சரி, மந்திரி என்றாலும் சரி. எட்டு முப்பத்தைந்துக்கு லொறி வந்தது. எட்டு நாற்பதுக்கு ஸுல்பிகா டெலிபோனை எடுத்தாள். கிண்ணியாவில் அப்போது இருந்த மூன்று டெலிபோன்களில் அது ஒன்று. விமானம் வருமா என்று கேட்பதைத் தவிர வேறெதற்கும் பயன்பட்டதில்லை.

"பாக்கியரத்தினம் ஐயா, இரத்மலானையில இருந்து எழும்பிட்டுதா?"

"ஓம் தங்கச்சி. இப்பதான் செய்தி வந்தது. சரியா எட்டரை. நான் இங்க வந்து நாலு வருசம், இண்டைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு எழும்பியிருக்கு." அவர் குரலில் பெருமை. "வாப்பாவும் உள்ளதான். ஜன்னல் கதிரை. ஏன் தங்கச்சி, அவசரமா?"

"இல்ல ஐயா. நேரம் தெரிஞ்சால் போதும்."

அவள் டெலிபோனை வைத்தாள். முப்பத்துமூன்று நிமிடம் இருந்தது. போய்த் தலையைச் சீவி, உம்மாவின் சேலையை உடுத்தாள்.

ஸுஹைர் எட்டு ஐம்பத்தைந்துக்கு, ரயில் கரியோடு, மூச்சு வாங்க வந்து, "மாமி எப்படி இருக்கிறா?" என்று கேட்டான்.

"மாமிக்கென்ன," என்றார் மாமி. "முகத்தைக் கழுவிப்போட்டு வா. உனக்குக் கலியாணம்."

நல்ல பிள்ளை. திரும்பக் கேட்காமல் கிணற்றடிக்குப் போனான்.

அடுத்த வளவிலிருந்து இரண்டு பேர் சாட்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். காதியார் சால்வையை எடுத்தார். தட்டினார். மடித்தார். இருமினார். கலியாணத்துக்கான குத்பாவை ஓத ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லையும் இறக்கிவைத்து, அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அடுத்ததை எடுத்தார். திரைக்குப் பின்னால் ஸுல்பிகா றேடியோவையும் கடித உறையையும் பார்த்தாள். ஒன்பது இரண்டு. வாப்பா குருநாகலைக் கடந்திருப்பார். ஒன்பது நான்கு. டொபி கொடுத்திருப்பார்கள்.

"மாமி," என்று அவள் மெல்லச் சொன்னாள், "காதியாரிட்டச் சொல்லுங்கோ. வாப்பா நிமிசத்துக்கு ரெண்டேகால் மைல் வந்துகொண்டிருக்கிறார்."

மாமி திரையை விலக்கி அதைச் சத்தமாகவே சொன்னார். காதியாரின் வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய நாக்கு ஓடியது. திரைக்கு வந்து சம்மதம் கேட்டார். "சம்மதம்," என்றாள் ஸுல்பிகா, அவர் கேட்டு முடிக்க முன். திரும்பி உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். வொலி தூரத்தில் இருப்பதால் காதியாகிய நான் காவின் செய்து தந்தேன் என்றார். ஏற்றுக்கொண்டேன் என்றான் ஸுஹைர். சாட்சிகள் தலையசைத்தார்கள். ஒன்பது எட்டு.

"துஆவை இனி எவ்வளவு நீளமா வேணுமெண்டாலும் ஓதுங்கோ," என்றார் மாமி.

ஒன்பது முப்பத்திரண்டுக்கு அந்தச் சத்தம் வந்தது. எல்லாரும் முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளி வயிறு மின்ன, டகோட்டா கொட்டியாரக் குடாப் பக்கம் சரிந்து திரும்பியது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டார், மேலே இருந்து தம்பி பார்த்துவிடுவார் என்பதுபோல.

பிறகு நெய்ச்சோறு வேகும்வரை காத்திருந்தார்கள். பத்து மணி. பத்தரை. பத்தேமுக்காலுக்கு அக்கரையில் ஒரு கோட்டும் துருக்கித் தொப்பியும் தெரிந்தன. பாதை இக்கரையில் நின்றது. தொப்பி கையைக் காட்டியது. குடையைக் காட்டியது. கதிராமன் இரண்டு மாட்டுவண்டி வரும்வரை வெற்றிலை போட்டான். நூற்று நாற்பத்தெட்டு மைலை ஒரு மணி ஐந்து நிமிடத்தில் தாண்டிய முதலாளி, கடைசி நானூறு கெஜத்தைத் தாண்ட ஒரு மணித்தியாலம் எடுத்தார்.

படியேறினவர் முதலில் செருப்புகளைப் பார்த்தார். பிறகு காதியாரை. பிறகு மாலையோடு ஸுஹைரை.

"என்ன இது?"

"காவின்," என்றார் மாமி. "உட்கார். சோறு ஆறுது."

"என்ட மகளை, என்னைக் கேக்காம? நான் என்ன செத்தா போனன்? ஒரு மணித்தியாலத் தூரத்தில நிண்ட மனுசனை..."

"முதலாளி," என்றார் காதியார். சால்வையைத் தட்டவில்லை. "ஒரு மணித்தியாலத் தூரம் எண்டு ஒரு தூரம் கித்தாபில இல்ல. அந்தச் சட்டத்தைப் பாருங்கோ."

அது மறுபடியும் சுவரில், தன் ஆணியில் தொங்கியது. முதலாளி பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தேவையில்லை, மனப்பாடம்.

"இந்தக் காவின் கூடாதெண்டா அந்தக் கடுதாசியும் கூடாது," என்றார் காதியார். "கடுதாசி கூடாதெண்டா, போன நோன்பில ரெண்டு நாள் பகல்... இண்டைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாரும் வருவாங்க. நீங்க எழும்பி நிண்டு சொல்லவேணும். நான் சொல்லவேணுமெண்டாலும் சொல்றன்."

சாட்சிக்கு வந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். வாசலில் பாதையில் வந்த கூட்டமெல்லாம் நின்றது. கதிராமனும் துடுப்புக்கோலோடு நின்றான். முதலாளியின் கோட்டுப் பைக்குள் அமைச்சரின் செயலாளர் கொடுத்த கடிதம் இருந்தது; அதில் இந்த முறையும் 'கவனிக்கப்படும்' என்றுதான் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கதிரையில் ஏறி முள்ளை நகர்த்துவதற்குக் கூட மறந்து நின்றார்.

ஸுல்பிகா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். உம்மாவின் சேலையில் அவளைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் வேறாயிற்று.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒம்பது எட்டுக்கு, வாப்பா."

"நான் அப்ப எங்க இருந்தன்?"

அவள் கடித உறையை நீட்டினாள். "எம்பத்தாறு மைல் வந்திருந்தீங்க. இன்னும் அறுபத்தொரு மைல் சொச்சம். தம்புள்ளைக்குக் கிட்ட, மேல."

"மேல," என்றார் முதலாளி. அந்தச் சொல்லை வாயில் வைத்து ருசி பார்த்தார். நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. வாசலில் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது அது பழைய நெஞ்சு.

"கேட்டீங்களா? என்ட மகளின்ட காவின் நேரம் நான் ஏழாயிரம் அடி உயரத்தில. இந்த இலங்கையில எந்த வாப்பாவாவது அப்பிடி இருந்திருக்கிறானா? மந்திரியும் எம்பியும் பந்தலுக்குள்ளதான் இருப்பாங்க. எல்லாம் கணக்குப் போட்டு வச்ச வேலை. கதிராமன், நீ ஏன் அங்க நிக்கிற, உள்ள வந்து சாப்பிடு."

"ஓம் முதலாளி," என்றான் கதிராமன். "கோழியா, ஆடா?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாதை துறையில் நின்றது. ஸுஹைரும் ஸுல்பிகாவும் இரவு மெயிலுக்குப் போகிறார்கள். மாமி அவர்களுடைய பெட்டிக்கு மேல் உட்கார்ந்து அழுதுகொண்டும், எள்ளுருண்டைப் பொதியை எங்கே வைத்தது என்று கேட்டுக்கொண்டும் இருந்தார். முதலாளி கோட்டோடு வந்திருந்தார். பாதை நிறைய இன்னும் ஒரு பஸ் வரவேண்டும்.

"மகள்," என்று அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். "மாலைதீவு, கொழும்பில இருந்து எத்தனை மைல்?"

"நானூத்தி எழுபத்தஞ்சு, வாப்பா."

அவர் கடலேரியைப் பார்த்தார். "கப்பல்?"

"நாலு நாள், அஞ்சு நாள் எண்டு சொல்றாங்க. காத்தைப் பொறுத்து."

முதலாளி துருக்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். அமைச்சருக்காகக் கழிந்த மூன்று வருடத்தை அவர் அப்போது எண்ணியிருக்கலாம். இல்லை, இனிக் கடிதம் யார் எழுதுவது என்று நினைத்திருக்கலாம். ஸுல்பிகா கைப்பையிலிருந்து கடித உறையை எடுத்தாள். அதன் மூலையில் இன்னொரு கணக்கு இருந்தது. நேற்றே போட்டு வைத்தது. உறையை அவர் கையில் கொடுத்தாள்.

"பிளேன் எண்டா, வாப்பா, மூணு மணி இருபத்தெட்டு நிமிசம்."

"பிளேன் போகுதா?"

"ஒழுங்கா ஒண்டும் இல்ல. போனா அவ்வளவுதான் நேரம்."

பஸ் வந்தது. கதிராமன் கோலை ஊன்றினான். பாதை கரையைவிட்டு விலகியது. நடுக்கடலேரிக்கு வந்தபோதும் ஸுல்பிகாவுக்கு வாப்பாவின் குரல் கேட்டது. துறையில் நின்ற மீன்காரர்களுக்கு உறையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மாலைதீவு எங்க இருக்கு? இந்தா. மூண்டரை மணித்தியாலம்கூட இல்ல."